கன்டெய்னருக்கு எந்த ஃபோல்டரை, எவ்வளவு திறந்துவிடலாம்?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தோட்டத்துக் கோயில் நிர்வாகத்திடமும் பழைய குடும்பங்களிடமும் இருக்கிற தாள்களை அவர் ஸ்கேன் செய்து வருகிறார். திருவிழா அழைப்பிதழ்கள், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரங்கள், தமிழ் நேசனிலிருந்து வெட்டி வைத்த செய்திகள், லயன் வீட்டு வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் என்று நிறைய இருக்கிறதாம். கோயில் அலுவலகத்தில் சும்மா கிடந்த பழைய கணினியில் உபுண்டு போட்டு, மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவியான டாக்கரில், பேப்பர்லெஸ் என்ஜிஎக்ஸ் என்ற ஆவண மேலாண்மை மென்பொருளை ஓட்டுகிறார். ஸ்கேன்கள் இருப்பது வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க்கில். வீட்டில் இருப்பது விண்டோஸ் மடிக்கணினி.

அவர் கேட்டது இவ்வளவுதான்: "கன்டெய்னருக்குள் போய்ப் பார்த்தால் ஃபோல்டர் காலியாக இருக்கிறது. எப்படியோ தெரிய வைத்தால், அது எழுதிய கோப்புகளை என்னால் அழிக்க முடியவில்லை, பெர்மிஷன் டினைட் என்கிறது. எல்லாவற்றுக்கும் 777 போட்டு, முழு டிஸ்க்கையும் கன்டெய்னருக்குக் கொடுத்துவிடலாமா அண்ணே?"

இரண்டுமே வேண்டாம் தம்பி. 777 என்பது எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுப்பது. அது உங்கள் நோயை மறைக்கும், தீர்க்காது. முழு டிஸ்க்கைக் கொடுப்பது அதைவிட மோசம். நீங்கள் கையால் தொட்டு வேலை செய்கிற ஃபோல்டர்களை மட்டும் வெளியிலிருந்து கொடுங்கள். மென்பொருள் தனக்காக வைத்துக்கொள்கிற தரவை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். மூலக் கோப்புகளைப் படிக்க மட்டும் அனுமதியுங்கள். எதற்காக இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். கட்டளைகளையும் பாதைகளையும் தமிழில் ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன், டெர்மினலில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஃபோல்டர் ஏன் காலியாகத் தெரிகிறது என்று பார்ப்போம். கன்டெய்னர் என்பது உங்கள் உபுண்டுவின் அதே கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், ஓடும் ஒரு சாதாரண புரோசெஸ். ஆனால் எந்தக் கோப்பு அமைப்பு அதன் கண்ணில் படவேண்டும் என்பதைக் கெர்னல் தனியாகப் பிரித்துக் கொடுக்கிறது. மவுன்ட் என்றால் ஒரு டிஸ்க்கையோ ஃபோல்டரையோ ஓரிடத்தில் இணைத்துக் காட்டுவது. இந்த மவுன்ட் நேம்ஸ்பேஸ் வசதி லினக்ஸில் 2002 முதல் இருக்கிறது. 2013இல் வந்த டாக்கர் அதைச் சுலபமாகப் பயன்படுத்த வழி செய்தது. ஆகவே நீங்கள் சொல்லிக் கொடுக்காத எந்த ஃபோல்டரும் உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. சொல்லிக் கொடுக்கும் வழிகளில் முக்கியமானவை இரண்டு. உங்கள் கணினியில் இருக்கும் குறிப்பிட்ட ஃபோல்டரை உள்ளே காட்டுவது பைண்ட் மவுன்ட். டாக்கரே தன் பொறுப்பில் /வார்/லிப்/டாக்கர்/வால்யூம்ஸ் என்ற இடத்தில் வைத்துப் பராமரிப்பது வால்யூம்.

இந்த இரண்டுக்கும் ஒரே சுவிட்சைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறோம்: -வி. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. இடப்பக்கம் வெளியே உள்ள பாதை, ஒரு முக்காற்புள்ளி, வலப்பக்கம் உள்ளே உள்ள பாதை. இடப்பக்கத்தில் வெறுமனே "ஸ்கேன்" என்று எழுதினால், ஸ்கேன் என்ற ஃபோல்டரை அது தேடாது. ஸ்கேன் என்ற பெயரில் புதிதாக ஒரு காலி வால்யூமை உருவாக்கிக்கொள்ளும். எந்தப் பிழையும் வராது, எல்லாம் நன்றாக நடப்பதுபோலவே இருக்கும். உங்கள் ஃபோல்டர் வேண்டுமென்றால் ஸ்லாஷில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுக்க வேண்டும். டாக்கர் 23 முதல் ./ஸ்கேன் என்று புள்ளியும் ஸ்லாஷும் போட்டும் எழுதலாம். கன்டெய்னர் அமைப்புகளை எழுதி வைக்கும் கம்போஸ் கோப்பில் இந்தப் புள்ளி, கம்போஸ் கோப்பு இருக்கும் ஃபோல்டரைக் குறிக்கும்.

இன்னொரு காரணம் எழுத்துப்பிழை. இடப்பக்கப் பாதையில் ஒரு எழுத்து மாறிப்போனால், -வி அந்தத் தவறான பெயரில் ரூட்டின் (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிப் பயனர்) உரிமையில் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி, அதையே உள்ளே காட்டிவிடும். இதற்காகவே நான் யாருக்குச் சொன்னாலும் --மவுன்ட் என்ற நீளமான வடிவத்தைத்தான் பயன்படுத்தச் சொல்வேன். டைப் பைண்ட், சோர்ஸ் இது, டார்கெட் இது என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும், தட்டச்சு கொஞ்சம் கூடும். ஆனால் சோர்ஸ் பாதை இல்லையென்றால் அது பிழை சொல்லி அங்கேயே நின்றுவிடும். கம்போஸிலும் இதே நீள வடிவம் உண்டு. அதில் பைண்ட் என்ற தலைப்பின் கீழ் கிரியேட் ஹோஸ்ட் பாத் என்பதை ஃபால்ஸ் என்று வைத்துவிட்டால் போதும்.

உங்கள் விஷயத்தில் எது நடந்தது என்று ஊகிக்க வேண்டாம். டாக்கர் இன்ஸ்பெக்ட் என்று போட்டு கன்டெய்னரின் பெயரைக் கொடுங்கள். நீளமாக ஏதேதோ கொட்டும், அதில் மவுன்ட்ஸ் என்ற பகுதியை மட்டும் பாருங்கள். டைப் என்ற இடத்தில் பைண்ட் என்று இருக்கிறதா வால்யூம் என்று இருக்கிறதா, சோர்ஸ் என்ற இடத்தில் நீங்கள் நினைத்த பாதை இருக்கிறதா, எழுதலாமா என்பதைச் சொல்லும் ஆர்டபிள்யூ ட்ரூவா ஃபால்ஸா என்று பார்த்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

சரி, இப்போது அனுமதி விவகாரம். நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

லினக்ஸ் ஒரு கோப்பின் சொந்தக்காரரைப் பெயரால் எழுதி வைப்பதில்லை. எண்ணாகத்தான் எழுதுகிறது. உபுண்டுவில் முதலில் உருவாக்கும் பயனருக்கு 1000 என்ற எண். அந்த எண்ணுக்கு உங்கள் பெயர் என்று சொல்வது /இடிசி/பாஸ்டபிள்யூடி என்ற பட்டியல். கன்டெய்னருக்குள் இதே போல வேறொரு பட்டியல் இருக்கிறது. தோட்டத்து செக்ரோல் என்ற ஆள் பேர்ப் புத்தகம்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனித்தனிப் புத்தகம், இந்தத் தோட்டத்தில் 33ஆம் எண் ஒருவர், பக்கத்துத் தோட்டத்தில் அதே 33 வேறொருவர். கெர்னல் எண்ணை மட்டும்தான் பார்க்கிறது, எந்தப் புத்தகத்தையும் புரட்டுவதில்லை.

அதனால்தான் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் கன்டெய்னர் எழுதிய கோப்பை வெளியே வந்து பார்த்தால் 999 என்று தெரிகிறது, அல்லது உங்கள் கணினியில் 999ஆக இருக்கும் சம்பந்தமே இல்லாத வேறு எதன் பெயரோ தெரிகிறது. அதே மென்பொருளை ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் வகையில் இழுத்தால் எண் 70. வலைச் சர்வர்கள் பயன்படுத்தும் டபிள்யூடபிள்யூடபிள்யூ டேட்டா என்ற பயனருக்கு டெபியனில் 33, ஆல்பைனில் 82. கன்டெய்னருக்கு அச்சாக இருக்கும் இமேஜை மாற்றியதும் நேற்றுவரை ஓடியது இன்று படுத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறு எதுவும் சொல்லாவிட்டால் கன்டெய்னருக்குள் இருப்பவர் பெரும்பாலும் ரூட், அதாவது எண் 0. இயல்பான டாக்கர் அமைப்பில் உள்ளே இருக்கும் 0ம் வெளியே இருக்கும் 0ம் ஒன்றுதான். அப்படி எழுதப்பட்ட கோப்பு வெளியே ரூட்டுடையதாக இருக்கும், 1000 என்ற எண்ணில் உட்கார்ந்திருக்கும் உங்களால் அதை அழிக்க முடியாது. நீங்கள் பார்த்த பெர்மிஷன் டினைட் இதுதான்.

எல்எஸ் கட்டளையோடு -எல்என் சேர்த்துப் பாருங்கள். பெயர்களுக்குப் பதில் எண்களைக் காட்டும். உள்ளேயும் வெளியேயும் ஒரே ஃபோல்டரை இப்படிப் பார்த்தால் இரு பக்கமும் அதே எண்கள் வரும். -எல்என் இல்லாமல் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும்.

தீர்வு எண்ணைப் பொருத்துவது. ஐடி என்ற கட்டளையைத் தட்டினால் உங்கள் பயனர் எண்ணும் (யூஐடி) குழு எண்ணும் (ஜிஐடி) வரும். பொதுவாக டாக்கர் ரன்னில் --யூசர் 1000:1000 என்று கொடுத்தால் கன்டெய்னர் அந்த எண்ணில் ஓடும். ஆனால் எல்லா இமேஜும் இதைத் தாங்காது. சில இமேஜ்கள் ரூட்டாகக் கிளம்பி, தேவையானதைத் தயார் செய்துவிட்டு, பிறகு தாங்களே சாதாரணப் பயனராக மாறிக்கொள்ளும். அவற்றிடம் எண்ணைச் சுற்றுச்சூழல் மாறியாக (என்விரான்மென்ட் வேரியபிள்) சொல்ல வேண்டும். பேப்பர்லெஸ் இந்த வகை. யூசர்மேப் யூஐடி, யூசர்மேப் ஜிஐடி என்ற இரண்டு மாறிகள் அதற்கு உண்டு. லினக்ஸ்சர்வர் குழு தயாரிக்கும் இமேஜ்களில் அவை பியூஐடி, பிஜிஐடி. ஏற்கெனவே ரூட் பெயரில் எழுதப்பட்டுக் கிடப்பவற்றை ஒருமுறை சூடோவோடு, சொந்தக்காரரை மாற்றும் சௌன் கட்டளை போட்டு 1000:1000 ஆக்கிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் தரவு ஃபோல்டரை மட்டும் தொடாதீர்கள், அது அதன் எண்ணிலேயே இருக்கட்டும்.

777 ஏன் கூடாது என்றால், அது அந்தக் கணினியில் உள்ள எல்லாப் பயனருக்கும், அந்த ஃபோல்டர் தெரிகிற எல்லாக் கன்டெய்னருக்கும் எழுதவும் அழிக்கவும் உரிமை கொடுக்கிறது. அப்படியும் அடுத்து எழுதப்படும் கோப்பு மறுபடி பழைய எண்ணில்தான் பிறக்கும். நாளைக்கு மறுபடி 777 போடுவீர்கள். அதோடு, போஸ்ட்கிரெஸ் தன் தரவு ஃபோல்டர் எல்லோருக்கும் திறந்திருந்தால் கிளம்பவே மறுக்கும்.

இந்த எண் விளையாட்டே வேண்டாம் என்பவர்களுக்கு ரூட்லெஸ் டாக்கர் இருக்கிறது. அதில் உள்ளே இருக்கும் ரூட், வெளியே நீங்கள்தான். டாக்கருக்கு மாற்றான பாட்மேனிலும் --யூசர்என்எஸ் கீப் ஐடி என்று ஒன்று உண்டு. நல்ல வழிகள்தான், ஆனால் கோயில் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பிரித்துப் போட்டு மாற்றும் அளவுக்கு இப்போது அவசியமில்லை. ஃபெடோரா பயன்படுத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: எண்ணெல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்குதான் காரணம். பாதையின் கடைசியில் சிறிய :இசட் போட்டால் பல கன்டெய்னர்கள் பகிரலாம், பெரிய இசட் போட்டால் அந்த ஒன்றுக்கு மட்டும். பெரிய இசட்டை /ஹோம் போன்ற இடத்துக்குப் போட்டுவிடாதீர்கள், கணினியே முடங்கும்.

அடுத்து ஹார்ட் டிஸ்க். உங்கள் சிக்கலின் வேர் இதில்தான் இருக்கிறது என்று நான் சந்தேகிக்கிறேன். கடையில் வாங்கிய டிஸ்க் என்றால் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருக்கும். எக்ஸ்ஃபேட்டில் சொந்தக்காரர் எண் என்பதே கிடையாது. மவுன்ட் செய்யும்போது யூஐடி என்று என்ன சொன்னீர்களோ, டிஸ்க் முழுவதற்கும் அந்த ஒரு எண்தான். சௌன் போட்டாலும் பிடிக்காது. ஸ்கேன் கோப்புகளுக்கு அது பரவாயில்லை, யூஐடி 1000, ஜிஐடி 1000 என்று மவுன்ட் விருப்பத்தில் எழுதினால் ஓடிவிடும். தரவுத்தளத்தை அங்கே வைக்க முடியாது. டிஸ்க்கை இந்தக் கணினியோடு மட்டுமே வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், நகல் எடுத்துவிட்டு எக்ஸ்ட்4ஆக மாற்றிக்கொள்வது நல்லது. விண்டோஸ் மடிக்கணினியிலும் மாறி மாறிச் செருகுவீர்கள் என்றால் எக்ஸ்ஃபேட்டாகவே இருக்கட்டும்.

இன்னொரு விஷயம்: உபுண்டு டெஸ்க்டாப்பில் டிஸ்க் தானாக மவுன்ட் ஆவது, நீங்கள் உள்நுழைந்த பிறகு. கன்டெய்னர்களோ கணினி எழுந்ததுமே கிளம்பிவிடும். மழைக்காலத்தில் மாலை இடிமழைக்கு மின்சாரம் போய் வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கணினி தானாக எழுகிறது, உள்நுழைய யாரும் இல்லை, டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை. டாக்கர் -வி பாதையில் /மீடியா/உங்கள்பெயர்/டிஸ்க்பெயர் என்ற ஃபோல்டரைத் தேடுகிறது, இல்லை, உடனே ரூட்டாக ஒன்றை உருவாக்குகிறது. பேப்பர்லெஸ் அந்தக் காலி ஃபோல்டரைப் பார்த்து ஆவணங்கள் எல்லாம் காணோம் என்கிறது, புதிதாக வருவதைக் கணினியின் உள் வட்டில் எழுதிக்கொண்டே போகிறது. மறுநாள் நீங்கள் வந்து உள்நுழைந்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபோல்டர் இருப்பதால் டிஸ்க் பெயருக்குப் பின்னால் 1 ஒட்டிக்கொண்டு வேறு பாதையில் மவுன்ட் ஆகும். அந்த 1ஐப் பார்த்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம்.

சரி செய்ய, தானியங்கி மவுன்டை நம்பாதீர்கள். டிஸ்க்கின் தனி அடையாளமான யூயூஐடியை பிஎல்கேஐடி கட்டளையால் எடுத்து, /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் /எம்என்டி/ஆவணம் என்று நிலையான ஓர் இடத்தில் மவுன்ட் ஆகும்படி எழுதுங்கள். நோஃபெயில் என்ற விருப்பத்தையும் சேருங்கள், இல்லாவிட்டால் டிஸ்க் செருகாத அன்று கணினி எழுவதே தடைபடும். பிறகு கன்டெய்னருக்கு /எம்என்டி/ஆவணம் என்பதைக் கொடுக்காமல், டிஸ்க்குக்குள் இருக்கும் ஒரு துணை ஃபோல்டரை, உதாரணமாக /எம்என்டி/ஆவணம்/ஸ்கேன் என்பதைக் கொடுங்கள். மவுன்ட் ஆகாத நேரத்தில் /எம்என்டி/ஆவணம் என்ற காலி ஃபோல்டர் இருக்கும், ஸ்கேன் இருக்காது. --மவுன்ட் வடிவத்தில் எழுதியிருந்தால் கன்டெய்னர் பிழை சொல்லி நின்றுவிடும், தவறான இடத்தில் எழுதாது. இதைவிட இறுக்கமாக வேண்டுமென்றால் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியில் டாக்கர் சர்வீஸுக்கு ரிக்வயர்ஸ் மவுன்ட்ஸ் ஃபார் என்ற வரியைச் சேர்த்து அந்தப் பாதையைக் கொடுங்கள். டிஸ்க் வரும் வரை டாக்கரே காத்திருக்கும், டிஸ்க் வராவிட்டால் டாக்கர் கிளம்பாது.

டிஸ்க்கைக் கன்டெய்னர் ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினாலும் உள்ளே தெரியாது. பைண்ட் மவுன்ட் இயல்பாக ஆர்பிரைவேட் என்ற முறையில் இருக்கும், கன்டெய்னர் கிளம்பிய பிறகு வெளியே நடக்கும் புதிய மவுன்ட் உள்ளே பரவாது. ஆர்ஸ்லேவ் என்று மாற்றினால் பரவும். எளிய வழி, டிஸ்க்கைச் செருகிவிட்டுக் கன்டெய்னரை ஒருமுறை நிறுத்தித் தொடங்குவது.

இப்போது முழு டிஸ்க்கையும் கொடுக்கலாமா என்ற கேள்வி. அந்த டிஸ்க்கில் ஸ்கேன் மட்டுமா இருக்கிறது? கோயில் உறுப்பினர்களின் அடையாள அட்டை நகல், நன்கொடைக் கணக்கு, குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கும். கன்டெய்னருக்குள் ஓடுவது இணையத்திலிருந்து இழுத்த இமேஜ். அதில் ஒரு ஓட்டை இருந்தால், உள்ளே நுழைகிறவர் கைக்கு நீங்கள் கொடுத்ததெல்லாம் போகும். தேவையானதை மட்டும் கொடுத்திருந்தால் சேதம் அங்கேயே நிற்கும்.

பேப்பர்லெஸ் விஷயத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். கன்ஸ்யூம் என்ற ஃபோல்டரில் போட்ட கோப்பை அது உள்ளே சேர்த்ததும் அந்த ஃபோல்டரிலிருந்து நீக்கிவிடும். மூலக் கோப்பு தொலைந்துவிடாது, அதன் மீடியா பகுதியில் பத்திரமாக இருக்கும். ஆனால் நீங்கள் வருடவாரியாக, குடும்பவாரியாக அடுக்கி வைத்த ஸ்கேன் ஃபோல்டரையே கன்ஸ்யூமாகக் காட்டினால், உங்கள் அடுக்கு ஒரு இரவில் காலியாகிவிடும். எனவே கன்ஸ்யூமுக்குத் தனி ஃபோல்டர் வையுங்கள், அதில் நகலைப் போடுங்கள். மூல ஸ்கேன்களை பேப்பர்லெஸுக்குக் காட்டவே தேவையில்லை. படங்களைப் பார்க்க இம்மிச் போன்ற வேறொன்றை ஓட்டப் போகிறீர்கள் என்றால், பழைய படங்களின் ஃபோல்டரைக் கடைசியில் :ஆர்ஓ (படிக்க மட்டும்) சேர்த்துக் கொடுங்கள். வெளி நூலகமாக அதைப் படிக்கும், ஒரு கோப்பையும் தொடாது. மென்பொருளை நம்பலாமா என்று யோசிக்கவே வேண்டாம், கெர்னலே எழுத விடாது.

டாக்கருக்குக் கட்டளை அனுப்பும் வாசலான டாக்கர் சாக் என்ற சாக்கெட் கோப்பை உள்ளே கொடுக்கச் சொல்லும் வழிகாட்டிகளையும் அங்கங்கே பார்ப்பீர்கள். அதைக் கொடுத்தால் கன்டெய்னரால் புதிய கன்டெய்னரை உருவாக்கி, உங்கள் முழு வட்டையும் அதில் மவுன்ட் செய்துகொள்ள முடியும். ரூட் கடவுச்சொல்லைக் கொடுப்பதும் அதுவும் ஒன்றுதான். :ஆர்ஓ போட்டாலும் இதற்கு மட்டும் பயனில்லை, சாக்கெட் வழியாகக் கட்டளை அனுப்புவதை அது தடுக்காது. உங்களுக்குத் தேவைப்படாது, விட்டுவிடுங்கள்.

பைண்டா வால்யூமா என்பதற்கு பேப்பர்லெஸின் கம்போஸ் கோப்பே நல்ல உதாரணம். கன்ஸ்யூமும் எக்ஸ்போர்ட்டும் நாம் கைவைக்கிற இடங்கள், அவை பைண்ட். தரவுத்தளம், தேடல் அட்டவணை, மீடியா எல்லாம் வால்யூம். மீடியாவை டிஸ்க்குக்கு மாற்ற நினைத்தால் மாற்றலாம், உள் வட்டு சின்னது என்றால் அது நியாயம்தான். தரவுத்தளத்தை மாற்றாதீர்கள். இன்னொரு வேறுபாடும் உண்டு. காலியான புதிய வால்யூமை முதன்முறை இணைக்கும்போது, இமேஜில் அந்த இடத்தில் இருக்கும் கோப்புகள் வால்யூமுக்குள் நகலாகும். பைண்ட் மவுன்டில் அப்படி நடக்காது. உங்கள் ஃபோல்டர், இமேஜில் அங்கே இருந்ததை அப்படியே மூடி மறைத்துவிடும். "அமைப்புக் கோப்பு காணோம்" என்று கன்டெய்னர் புலம்பினால் இதைச் சந்தேகியுங்கள்.

தனி ஒரு கோப்பை மட்டும் பைண்ட் செய்வதிலும் ஒரு சிக்கல். விம் போன்ற எடிட்டர்கள் சேமிக்கும்போது பல சமயம் புதிய கோப்பு ஒன்றை எழுதி, பழைய பெயரை அதற்கு வைத்துவிடும். கன்டெய்னர் பிடித்திருப்பது பழைய ஐநோடை, அதாவது வட்டில் உள்ள பழைய கோப்பை. வெளியே திருத்தம் தெரியும், உள்ளே பழையதே நிற்கும். கன்டெய்னரை மறுபடி தொடங்க வேண்டும், அல்லது அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரையே கொடுத்துவிட வேண்டும்.

வீட்டு விண்டோஸ் மடிக்கணினியில் சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கே டாக்கர் டெஸ்க்டாப் உண்மையில் டபிள்யூஎஸ்எல்2 என்ற மெய்நிகர் லினக்ஸுக்குள் ஓடுகிறது. சி டிரைவில் உள்ள ஃபோல்டர் அந்த லினக்ஸுக்கு /எம்என்டி/சி என்று ஒரு பாலம் வழியாகத் தெரிகிறது. பாலம் மெதுவானது, சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் நன்றாகவே தெரியும். அதைவிட முக்கியம், விண்டோஸ் பக்கம் புதிய கோப்பு விழுந்தால் அதைச் சொல்லும் ஐநோட்டிஃபை அறிவிப்பு உள்ளே வராது. கன்ஸ்யூம் ஃபோல்டரில் போட்டது போட்டபடியே கிடக்கும். கோப்புகளை டபிள்யூஎஸ்எல் உபுண்டுவின் ஹோம் ஃபோல்டருக்குள் வையுங்கள், விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரிலிருந்தும் அதைத் திறக்கலாம். முடியாது என்றால் பேப்பர்லெஸில் போலிங் அமைப்பைப் போட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் அதுவே எட்டிப்பார்க்கும்படி செய்யுங்கள். நெட்வொர்க் ஷேரில் இருக்கும் ஃபோல்டருக்கும் இதேதான்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வரும் சில தொல்லைகள் உண்டு. ஆங்கில வழிகாட்டிகளில் இவை இருக்காது.

முதலாவது நீளம். எக்ஸ்ட்4இல் ஒரு பெயர் 255 பைட்டுக்குமேல் போகக்கூடாது. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்று கணக்காகும். பொங்கல் என்ற சொல்லில் ஏழு குறியீடுகள், 21 பைட். ஆக மொத்தம் 85 குறியீடுகளுக்குள் பெயர் முடிய வேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைட்டை எண்ணாமல் 255 குறியீடுகள் வரை விடுகிறது. "தோட்டத்து மாரியம்மன் ஆலய வருடாந்தரத் திருவிழா..." என்று விண்டோஸில் நீளமாகப் பெயர் வைத்த கோப்பு லினக்ஸுக்கு வரும்போது "ஃபைல் நேம் டூ லாங்" என்று திரும்பிவிடுவது இதனால்தான். தேதி, சிறு தலைப்பு, அவ்வளவு போதும். விவரத்தை பேப்பர்லெஸின் தலைப்பிலும் குறிச்சொல்லிலும் எழுதுங்கள்.

இரண்டாவது, பொ என்ற எழுத்து. ஒற்றைக் குறியாக ொ என்றும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், லினக்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு உள்ள பழைய மேக்கிலிருந்து வந்த கோப்புகளில் பிரித்து எழுதிய வடிவம் இருக்கும். அந்தப் பொங்கல் 24 பைட். "பொங்கல்" ஃபோல்டர் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பேய் வேலை இல்லை, இதுதான். கன்வ்எம்வி என்ற சிறு நிரலில் --என்எஃப்சி விருப்பத்தையும், உண்மையிலேயே பெயரை மாற்றச் சொல்லும் --நோடெஸ்ட் விருப்பத்தையும் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். கன்டெய்னருக்குக் காட்டுவதற்கு முன்பே செய்யுங்கள், காட்டிய பிறகு செய்தால் மென்பொருள் தன் தரவுத்தளத்தில் குறித்து வைத்த பெயர் பொருந்தாமல் போகும்.

மூன்றாவது பயப்பட வேண்டாதது. கன்டெய்னருக்குள் போய் எல்எஸ் போட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகவோ, பின்சாய்வும் எண்களுமாகவோ வரலாம். கோப்பு கெட்டுப்போகவில்லை, உள்ளே லொகேல் (மொழி, எழுத்து அமைப்பு) அமைக்கவில்லை என்று பொருள். லாங் என்ற மாறியை சி.யூடிஎஃப்-8 என்று வைத்தால் தமிழ் தெரியும். போகிறபோக்கில் ஒன்று, பேப்பர்லெஸ் எழுத்துணரியில் தமிழ் இயல்பாக இருக்காது. ஓசிஆர் லாங்குவேஜஸ் என்ற மாறியில் டிஏஎம் என்று சேர்த்தால்தான் நிறுவிக்கொள்ளும். அதோடு ஓசிஆர் லாங்குவேஜ் என்ற மாறியில் டிஏஎம் பிளஸ் இஎன்ஜி என்று கொடுத்தால் இரு மொழித் தாளையும் படிக்கும்.

காப்புப் பிரதிக்கு ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தள ஃபோல்டரை அப்படியே நகல் எடுக்காதீர்கள், பாதி எழுதிய நிலையில் மாட்டும். பேப்பர்லெஸில் டாக்குமென்ட் எக்ஸ்போர்ட்டர் என்ற கட்டளை இருக்கிறது. அது கோப்புகளையும் விவரங்களையும் எக்ஸ்போர்ட் ஃபோல்டரில் கொட்டும், அந்த ஃபோல்டரை இரண்டாவது டிஸ்க்குக்கு நகல் எடுங்கள், அந்த டிஸ்க்கைக் கோயிலில் வைக்காமல் வேறு வீட்டில் வையுங்கள். கம்போஸ் டவுன் கட்டளையோடு -வி சேர்க்காதீர்கள். ரன் கட்டளையில் இணைப்பதற்கான அதே எழுத்து, இங்கே பெயரிட்ட வால்யூம்களையும் சேர்த்து அழித்துவிடும், கேள்வியே கேட்காது.

எக்ஸ்போர்ட்டை எடுத்து முடித்ததும் கன்டெய்னரை நிறுத்தி, எஃப்எஸ்டேப் வரியை எழுதி, கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். திரையில் யாரும் உள்நுழையாமலே /எம்என்டி/ஆவணம் வந்துவிட்டதா என்று மடிக்கணினியிலிருந்து, தொலைவிலிருந்தே கட்டளை தரும் எஸ்எஸ்எச் வழியாகப் பாருங்கள். வந்துவிட்டது என்றால் கம்போஸை நீள வடிவத்துக்கு மாற்றித் தொடங்குங்கள். அதற்கு அப்புறமும் காலியாகத் தெரிந்தால், இன்ஸ்பெக்ட்டில் மவுன்ட்ஸ் பகுதியையும் எல்எஸ் -எல்என் காட்டுவதையும் அப்படியே எடுத்து அனுப்புங்கள் தம்பி. அடையாள அட்டை எண் உள்ள கோப்புப் பெயர் ஏதாவது அதில் இருந்தால் மட்டும் மறைத்துவிடுங்கள்.